காஞ்சிப் பட்டு

மங்கல நாள்களில் பட்டுடை உடுத்தல் தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மணமகள் கூறைப் புடைவை உடுத்து மணவறையில் வந்து அமரும்பொழுது, அதன் நிறத்தையும் ஒளியையும் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அப்புடைவை எவ்வாறு உருவாயிற்று, எத்தனை உயிர்களின் உழைப்பு அதனுள் அடங்கியுள்ளது என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. செடியின் இலை புழுவுக்கு உணவாகின்றது. புழுவின் வாய்நீர் நூலாகின்றது. நூல் பல கைகளில் ஏறி இறங்கி ஆடையாகின்றது. வயலில் பசுமையாய் நின்ற இலை, தறியில் பொன்னொளி வீசும் புடைவையாக மாறும் வரலாறு கதையினும் சுவையுடையது.

பட்டு பிறந்த நாடு

பட்டுத் தொழிலின் தாயகம் சீன நாடு. ஏறத்தாழ 4,700 ஆண்டுகட்கு முன்னர், அந்நாட்டுப் பேரரசர் ஒருவரின் தேவியாகிய லேஸு என்பாள், முசுக்கொட்டை மரத்தின் நிழலில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தாளாம். மரத்திலிருந்து ஒரு கூடு அவளுடைய கிண்ணத்தில் விழுந்தது. அதனை அவள் எடுக்க முயன்றபோது, மெல்லிய இழையொன்று முடிவின்றி நீண்டு வந்தது. இவ்வாறு சீனர் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும் ஆகுக. வெந்நீரில் கூட்டின் பசை இளகி இழை பிரியும் என்னும் உண்மையே இன்றளவும் இத்தொழிலுக்கு அடிப்படையாக உள்ளது.

சீனர் பட்டினை உலகெங்கும் விற்றனர். பட்டு ஆக்கும் மறையை மட்டும் எவருக்கும் விற்றிலர். நடு ஆசியாவின் பாலை நிலங்களையும் மலைகளையும் கடந்து மேல்நாடுகட்குச் சென்ற வணிக வழிகள், பட்டின் பெயராலேயே பட்டுப் பாதை என வழங்கலாயின. எனினும், மறை என்றும் மறையாகவே நின்றுவிடவில்லை. கோத்தான் நாட்டு மன்னனுக்கு மனைவியாகச் சென்ற சீன இளவரசி ஒருத்தி, பட்டுப்பூச்சியின் முட்டைகளைத் தன் தலையணியுள் ஒளித்துக் கொண்டு சென்றாள் என்று யுவான் சுவாங் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அவ்வழியே சென்று இக்கதையைக் கேட்டறிந்த யுவான் சுவாங், கி.பி. 640ஆம் ஆண்டளவில் பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கும் வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் பட்டுக்குப் பெயர்பெறப் போகும் நகரினைப் பட்டின் கதையை எழுதியவரே கண்டு சென்றது வியப்பன்றோ! ஐரோப்பாவிற்கு இக்கலை கி.பி. 6ஆம் நூற்றாண்டில், சஸ்டினியன் பேரரசரின் காலத்தில் சென்றது. துறவியர் இருவர் முட்டைகளைக் கைத்தடியின் உள்ளே மறைத்துக் கான்ஸ்டான்டிநோபிள் நகருக்குக் கொணர்ந்தனர் என்பர்.

தமிழர்க்குப் பட்டு புதியதன்று. புகார் நகரில் பட்டினாலும் மயிரினாலும் பருத்தி நூலினாலும் ஆடை நெய்த காருகர் வாழ்ந்தமையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. தென்னாட்டில் பட்டுப்புழு வளர்ப்பினைப் பரவச் செய்தவருள் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் குறிப்பிடத்தக்கவர். இந்தியா விடுதலை பெற்ற பின்னர், 1949ஆம் ஆண்டில் மத்தியப் பட்டு வாரியம் நிறுவப்பெற்றது. இன்று உலகில் பட்டு விளைவிக்கும் நாடுகளில் சீனாவிற்கு அடுத்த இடம் இந்தியாவிற்கு உரியது. முசுக்கொட்டைப் பட்டு மட்டுமன்றி, காட்டு மரங்களில் வளரும் டசர் புழுவின் பட்டும், ஆமணக்கிலையுண்ணும் புழு தரும் எரி பட்டும், அசாம் மாநிலத்திற்கே உரிய பொன்னிற முகா பட்டும் இந்நாட்டில் விளைகின்றன. காஞ்சிப் புடைவைக்குப் பயன்படுவது முசுக்கொட்டைப் பட்டேயாகும்.

புழுவின் வாழ்க்கை

முசுக்கொட்டையை மல்பெரி என்றும் வழங்குவர். கருநாடகத்தில் இச்செடி மிகுதியாகப் பயிராகின்றது. தமிழகத்தில் கிருட்டினகிரி, தருமபுரி, ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்டங்களில் உழவர்கள் இதனைப் பயிரிட்டுப் புழு வளர்க்கின்றனர்.

பெண் அந்துப்பூச்சி ஏறத்தாழ 400 முட்டைகள் இடும். அவை கடுகினும் சிறியவை. பத்து நாள்கள் அளவில் முட்டையிலிருந்து எறும்பு போன்ற கரிய சிறு புழு வெளிவரும். அப்போது அதன் நீளம் 3 மில்லிமீட்டர் அளவே. அன்று முதல் அதற்கு உண்பதே தொழில். இளம்புழுவிற்குத் தளிரிலைகளை நறுக்கித் தூவுவர். வளர்ந்த புழுவிற்கு முழு இலைகளையும் கிளைகளையுமே இடுவர். நான்கு முறை அது உண்ணாமல் அசைவற்றுக் கிடந்து, பழைய தோலை உரித்துப் புதுத்தோல் பெறும். இவ்வாறு ஐந்து பருவங்களைக் கடக்க 25 முதல் 28 நாள்கள் ஆகும். இதற்குள் அதன் எடை, பிறந்தபோது இருந்ததைப் போல 10,000 மடங்கு பெருகிவிடுகின்றது. தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் பெரும்பகுதியை அஃது இறுதிப் பருவத்திலேயே உண்கின்றது. அந்நாள்களில் வளர்ப்பு மனையினுள் நின்று கேட்பின், ஆயிரக்கணக்கான புழுக்கள் இலையைக் கடிக்கும் ஒலி, கூரைமீது மெல்லிய மழை பெய்வதுபோல் கேட்கும்.

பட்டுப்புழு மிக மென்மையான உயிர். வெப்பம் மிகினும் குறையினும் அது தாங்காது. 24 முதல் 28 பாகை வெப்பமே அதற்கு ஏற்றது. பூச்சி மருந்து தெளித்த இலை அதற்கு நஞ்சாகும். புகையிலையின் வாடையும் ஆகாது. ஆதலால், வளர்ப்போர் கைகால்களைத் தூய்மை செய்துகொண்டே மனையினுள் செல்வர். ஒரு குழந்தையைப் பேணுவது போல் இரவும் பகலும் காத்தல் வேண்டும். இப்பணியில் உழவர் குடும்பத்துப் பெண்களின் பங்கு பெரிது.

முதிர்ந்த புழு உண்பதை நிறுத்திவிடும். அதன் உடல் ஒளி ஊடுருவுவதுபோல் தெளிந்து தோன்றும். அதனை உணர்ந்து, மூங்கிலால் வளைவளையாகப் பின்னிய சந்திரிகை என்னும் தட்டுகளில் எடுத்து விடுவர். புழு தன் வாயின் அடியிலுள்ள நுண்ணிய துளை வழியாக ஒரு நீர்மத்தை வெளிவிடுகின்றது. அது காற்றுப்பட்டதும் இறுகி இழையாகின்றது. உண்மையில் அது ஓரிழையன்று. ஈரிழைகள் ஒரு பசையினால் ஒட்டப்பெற்று ஒன்றாகத் தோன்றுகின்றன. இழையின் பொருளுக்கு ஃபைப்ராயின் என்றும், பசைக்குச் செரிசின் என்றும் பெயர். புழு தலையை 8 என்னும் எண்ணின் வடிவில் ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாள்கள் ஓயாது நூற்று, தன்னைச் சுற்றி ஒரு கூட்டினை அமைத்துக்கொள்கின்றது. நல்ல கூடு ஒன்றில் ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழை அறுபடாது சுற்றப்பட்டிருக்கும்.

நோயினின்று காத்தவர்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டின் பட்டுத் தொழில் அழிவின் விளிம்பில் நின்றது. பெப்ரைன் என்னும் நோய் தாக்கிப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சிற்றூர்களில் பல்லாயிரவர் வாழ்விழந்தனர். 1865ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் வேண்டுகோளை ஏற்று, லூயி பாஸ்டர் என்னும் அறிவியலறிஞர் அப்பகுதிக்குச் சென்றார். அதுவரை அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டும் அறியாதவர். பூச்சியியல் அறிஞர் ஃபாபர் ஒரு கூட்டினை எடுத்துக் கொடுத்தபோது, அதனைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கின்றதே என வியந்தார் அவர். அறியாமையை மறைக்க நாணாத அவ்வறிஞர், ஐந்தாண்டுகள் அங்கே தங்கி ஆராய்ந்தார். 1868ஆம் ஆண்டில் பக்கவாதம் அவருடைய உடலின் ஒரு பாகத்தைத் தாக்கியது. அப்போதும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை.

நோய் தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியே குஞ்சுகளைச் சேர்கின்றது என்பதை அவர் நிறுவினார். அதற்கு அவர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியும் தனித்தனியே முட்டையிடுமாறு செய்தல் வேண்டும். முட்டையிட்டு முடிந்ததும், அப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியால் பார்த்தல் வேண்டும். நோயின் நுண்துகள்கள் தென்படின், அம்முட்டைகளை எரித்துவிடுதல் வேண்டும். தென்படாவிடில் அவற்றை வளர்க்கலாம். இம்முறையால் பட்டுத் தொழில் மீண்டும் தழைத்தது. இன்றும் இந்தியாவின் முட்டை ஆக்க நிலையங்களில் இம்முறையே பின்பற்றப்படுகின்றது. உழவர் பெறும் 'நோயற்ற முட்டைத் தொகுதி' ஒவ்வொன்றின் பின்னும் பாஸ்டரின் ஐந்தாண்டு உழைப்பு நிற்கின்றது.

கூடு நூலாதல்

கூட்டினுள் புழு கூட்டுப்புழுவாக மாறி உறங்கும். அதனைத் தடையின்றி விட்டால், சில நாள்களில் அந்துப்பூச்சியாகி, ஒரு நீரை உமிழ்ந்து கூட்டை நனைத்துத் துளைத்து வெளிவரும். அவ்வாறு துளைபட்ட கூட்டின் இழை பலவிடங்களில் சிதைந்துவிடுமாதலின், அதனை நீளமாக எடுக்க இயலாது. ஆகவே, பூச்சி வெளிவரும் முன்னரே கூடுகளை நீராவியிலோ வெப்பக் காற்றிலோ இட்டு உலர்த்துவர். உள்ளிருக்கும் உயிர் அப்போது மடிகின்றது. பட்டின் அழகைப் பேசுவோர் இவ்வுண்மையையும் மறைத்தல் தகாது. ஓர் உடைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். கொல்லாமையைப் போற்றுவோர் சிலர் பட்டினை விலக்கி வாழ்வதற்கு இதுவே காரணம். எரி பட்டின் கூடு இயல்பாகவே ஒருபுறம் திறந்திருப்பது. பூச்சி வெளியேறிய பின்னர் அக்கூட்டினைப் பஞ்சுபோல் நூற்று நூலாக்குதல் இயலும். இக்காலத்தில் அதனை விரும்பி வாங்குவோரும் உளர்.

உலர்ந்த கூடுகளைக் கொதிநீரில் இட்டால் பசை இளகும். இழையின் நுனியைக் கண்டு பிடித்து, எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்து இழுத்து, சுழலும் சட்டத்தில் சுற்றுவர். ஒரு கூட்டின் இழை தீர்ந்ததும், உடனே மற்றொரு கூட்டின் நுனியை இணைத்தல் வேண்டும். இணைக்கத் தவறின் நூல் அவ்விடத்தில் மெலிந்துவிடும். முன்னாளில் இப்பணி முழுதும் கையாலேயே நடைபெற்றது. இன்று தானே இயங்கும் பொறிகளும் வந்துள்ளன. இவ்வாறு எடுத்த நூல் கச்சாப் பட்டு எனப்படும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றிய பின்னரே அது தறிக்கு ஏற்ற வலிமை பெறும்.

இத்தொழிலில் வீணாகும் பொருள் மிகக் குறைவு. உண்டு எஞ்சிய இலையும் புழுவின் எச்சமும் எருவாகின்றன. கூட்டுப்புழு கோழிக்கும் மீனுக்கும் தீனியாகின்றது. அறுந்த இழைகளும் துளைபட்ட கூடுகளும் வேறு வகை நூலாக நூற்கப்படுகின்றன.

நிறமும் சரிகையும்

கச்சாப் பட்டு முரமுரப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் இட்டுக் காய்ச்சினால் பசை நீங்கும். நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும். எடை குறையினும் பெருமை குறையாது. அப்போதுதான் பட்டு தன் இயல்பான மென்மையையும் ஒளியையும் பெறுகின்றது. பின்னர்ச் சாயக்காரர் நூல் கழிகளைக் கொதிக்கும் சாய நீரில் இட்டுத் தோய்த்துத் தோய்த்து எடுப்பர். எல்லாப் பகுதியிலும் நிறம் ஒத்து ஏறுமாறு செய்தல் நெடுநாட் பயிற்சியால் வருவது. காஞ்சிப் பட்டின் நிறப்பொலிவுக்குப் பாலாற்று நீரும் ஒரு காரணம் என்று அந்நகரத்தார் பெருமையுடன் கூறுவர்.

பட்டுக்கு அணி சரிகை. மெல்லிய பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசுவது தூய சரிகை. அதில் தங்கத்தின் அளவு நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. ஆயினும் ஒளி முழுதும் அதனாலேயே வருகின்றது. குசராத்து மாநிலத்துச் சூரத் நகரம் சரிகைக்குப் பேர்பெற்றது. காஞ்சிபுரத்திலும் தமிழ்நாடு அரசின் சரிகை நிறுவனம் உள்ளது.

தறியில்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில், விடியற்காலையில் பாவினை நீளமாக விரித்துக் கட்டி, இழைகளைச் சீர்செய்வதைக் காணலாம். துணியின் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவு ஓடுதல், பழைய பாவின் நுனியோடு புதிய பாவினை இழை இழையாகப் பிணைத்தல், ஊடைக்குத் தார் சுற்றுதல் எனத் தறியின் முன் அமர்வதற்கு முன்னரே பல வேலைகள் உள்ளன. இவற்றை வீட்டிலுள்ள முதியோரும் பெண்டிரும் செய்வர். புடைவையை நெய்தவர் ஒருவர் எனினும், அதில் உழைத்தவர் ஒரு குடும்பத்தார் ஆவர்.

காஞ்சிப் புடைவையின் தனிச் சிறப்பு கோர்வை ஆகும். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என அமையும்போது, மூன்று நாடாக்கள் தறியில் ஓடும். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், ஒன்றையொன்று கைகோத்தாற்போல் பின்னிக்கொள்ளும். ஒரு நெசவாளரின் இரு கைகள் இதற்குப் போதா. ஆதலின், ஒருபுறத்தில் மற்றொருவர் அமர்ந்து கரையின் நாடாவைச் செலுத்துவார். முந்தி வேறு நிறமாக வேண்டுமாயின், உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளை ஆயிரக்கணக்கில் இணைத்து, பழைய இழைகளை அறுத்து நீக்குவர். இவ்விணைப்பு அத்துணை உறுதியுடையது. புடைவை கிழியினும் முந்தி பிரியாது என்பர்.

கரையிலும் உடலிலும் பூக்களும் உருவங்களும் எழுப்புவதற்கு முன்னாளில் அடை என்னும் நூற்கட்டினைப் பயன்படுத்தினர். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் சோசப் ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளால் தறியின் இழைகளைத் தூக்கும் பொறியினை அமைத்தார். அப்பொறி பிற்காலத்தில் காஞ்சிக்கும் வந்தது. ஓர் அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை உயரும். துளையற்ற இடத்தில் உயராது. இக்கருத்தே பின்னாளில் கணிப்பொறியை எண்ணியவர்க்கும் வழிகாட்டியாயிற்று. பொறி உருவத்தை எழுப்பினாலும், எவ்வுருவம் எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதனின் கலையறிவே. காஞ்சிக் கோயில்களின் கோபுரமும், யாளியும், அன்னமும், மயிலும் புடைவைக் கரைகளில் இடம்பெறுகின்றன. வைரஊசி, மயிற்கண், உருத்திராக்கம், தாழம்பூ ரேக்கு என்னும் பெயர்களே அவற்றின் அழகினை உணர்த்தும். வேலைப்பாட்டின் அளவிற்கேற்ப, ஒரு புடைவையை நெய்து முடிக்கப் பத்து நாள்கள் முதல் ஒரு திங்களோ அதற்கு மேலோ ஆகும்.

பட்டின் பயன்கள்

பட்டு இழையின் குறுக்கு வெட்டு முக்கோண வடிவினது. ஆதலால், அதன்மேல் படும் ஒளி பட்டகத்திற் பட்டதுபோல் பல திசைகளில் தெறிக்கின்றது. பட்டின் மினுமினுப்புக்கு இதுவே காரணம். பட்டு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே, குளிர்காலத்தில் உடலின் வெம்மையைக் காக்கின்றது. ஈரத்தை நன்கு உறிஞ்சும் இயல்பினது. ஆகவே, வெயிற்காலத்திலும் வருத்துவதில்லை. அதன் பருமனை நோக்க அதன் வலிமை மிகப் பெரிது. நூலினும் மெல்லிய அவ்விழை இழுத்தால் சற்று நீண்டு கொடுக்குமேயன்றி உடனே அறாது. இவ்வலிமையினால், செயற்கை இழையாகிய நைலான் பரவும் முன்னர், வானிலிருந்து குதிப்போர்க்குரிய வான்குடைகளைப் பட்டினால் செய்தனர். மருத்துவர் புண்ணைத் தைப்பதற்கும் பட்டு நூலைப் பயன்படுத்தி வந்துள்ளனர். பட்டு ஒரு புரதப் பொருள் ஆதலின், சாயம் அதனுள் ஊன்றிப் பற்றுகின்றது.

பேணும் முறை

அரிதிற் பெற்ற பொருளை அறிந்து பேணுதல் கடன். பட்டின் பகைகள் நான்கு: கடுவெயில், வியர்வை, காரம், ஈரத்தோடு மடித்து வைத்தல். பட்டு நனைந்தபோது வலிமை குன்றும். அந்நிலையில் அதனை முறுக்கிப் பிழிதலும் கல்லில் அடித்தலும் கூடா.

உடுத்துக் களைந்த புடைவையை உடனே மடித்துப் பெட்டியில் வைத்தலாகாது. நிழலில் சில மணி நேரம் காற்றாட விட்டு, வியர்வை உலர்ந்த பின்னரே மடித்தல் வேண்டும். கறை பட்டால் அப்போதே குளிர்ந்த நீரால் ஒற்றி எடுத்தல் நன்று. தேய்த்தால் இழை குலையும். சரிகை மிகுந்த புடைவைகளைத் தேர்ந்த சலவையாளரிடம் நீரில்லாச் சலவைக்கு அளித்தல் பாதுகாப்பானது. எளிய பட்டாடைகளை வீட்டிலேயே துவைக்கலாம். சோடாவும் கடுஞ்சவர்க்காரமும் விலக்கத்தக்கவை. பூந்திக்கொட்டையின் நுரையோ மென்மையான சவர்க்காரமோ கலந்த குளிர்ந்த நீரில் அலசுதல் போதும். நிறம் கலவாதிருக்க, கரையையும் முந்தியையும் உடலினின்று பிரித்துத் தனியே நனைப்பது முன்னோர் கண்ட வழி. நிழலிலேயே உலர்த்துதல் வேண்டும். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் பெட்டி போடுதல் வேண்டும்.

புடைவையைத் தூய வெண்பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நன்று; நெகிழிப் பையில் வைத்தால் காற்றின்றி ஈரம் தங்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால், மடிப்பின் வழியே இழை முறியும், சரிகையும் ஒடியும். ஆதலால், மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் எடுத்து, மடிப்பினை மாற்றி வைத்தல் வேண்டும். பாச்சை உருண்டைகள் சரிகைமேல் படுமாறு வைத்தலும், நறுமண நீரை ஆடைமேல் தெளித்தலும் தவிர்க்கத்தக்கவை. அவற்றால் சரிகை கறுக்கும். இவ்வாறு பேணிய புடைவை பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் குடிப்பொருளாக வந்து சேர்தலைப் பல வீடுகளில் காணலாம்.

மெய்யும் போலியும்

பட்டுப்போல் தோன்றும் செயற்கை இழைத் துணிகள் சந்தையில் மிகுந்துள்ளன. கைத்தறியில் பல நாள் நெய்வதனை விசைத்தறி சில மணி நேரத்தில் நெய்துவிடுகின்றது. செயற்கைத் துணியைச் செயற்கைத் துணி எனச் சொல்லி விற்பது குற்றமன்று. அதனைக் காஞ்சிப் பட்டெனச் சொல்லி விற்பது வாங்குவோரையும் நெசவாளரையும் ஒருங்கே வஞ்சிப்பதாகும். மெய்ப்பட்டை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முந்தியின் ஓரத்திலிருந்து ஓரிழையை எடுத்து, பெரியோர் முன்னிலையில் தீயிற் காட்டினால், மெய்ப்பட்டு மெல்ல எரிந்து மயிர் கருகும் நாற்றம் வீசும். எஞ்சிய கரி விரலால் நசுக்கப் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கடினமான உருண்டையாக இறுகும்.

மெய்ப்பொருளைக் காப்பதற்குச் சட்டங்களும் முத்திரைகளும் தோன்றியுள்ளன. 1985ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, சில துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கியது. தூய பட்டுக்கு உறுதி கூறும் சில்க் மார்க் என்னும் முத்திரை 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூல் வாங்கித் தந்தும், நெய்தவற்றை விற்றுக் கொடுத்தும் துணை நிற்கின்றன.

நெசவாளர் வீடு

ஒரு காலத்தில் கோர்வையின் மறுபுறத்தில் அமர்ந்து நாடா செலுத்தியவர் பெரும்பாலும் சிறுவரே. பள்ளி மணி ஒலிக்கும் நேரத்தில் தறியின் ஒலியைக் கேட்டு வளர்ந்த சிறுவர் பலர். பிறர் மணவிழாவிற்கு அணி செய்த அக்கைகள் ஏடு தொடும் பேறு பெற்றில. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும், பெற்றோரிடம் தோன்றிய விழிப்பும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. நெசவாளர் மக்கள் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். இஃது எவரும் மகிழத்தக்க மாற்றம்.

ஆயினும், அதனோடு ஒரு வினாவும் எழுந்துள்ளது. கற்ற இளைஞர் குறைந்த கூலிக்காகத் தறியில் அமர விரும்புவதில்லை. கோர்வை அறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. கல்வியைத் தடுத்துக் கலையைக் காத்தல் அறமன்று. கலையைக் கைவிட்டுக் கல்வியை மட்டும் போற்றுதலும் இழப்பேயாகும். உழைப்புக்குத் தக்க ஊதியம் கிடைக்குமாயின், கற்றவரும் அத்தொழிலை நாடுவர். புதிய கோலங்களை அமைக்கவும், சாயக் கழிவினால் நீர்நிலை கெடாது காக்கவும், தாமே விற்பனை செய்யவும் கல்வி நெசவாளர்க்குப் பெருந்துணையாகும். விலையைக் கேட்டவுடன் மலைக்கும் வாங்குவோர், அவ்விலையில் நெய்தவர் பெறும் பங்கு எவ்வளவு எனவும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புழு தன் உயிரைக் காக்கக் கட்டிய கூடு பிறர்க்கு உடையாகின்றது. உழவரும், நூற்போரும், சாயக்காரரும், நெசவாளரும் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை அதில் இழைத்துத் தருகின்றனர். இவையெல்லாம் உணர்ந்து உடுத்துபவர்க்குப் பட்டுடை செல்வத்தைக் காட்டும் அணியாகத் தோன்றாது. பல உயிர்கட்குத் தாம் பட்டுள்ள கடனை நினைவூட்டும் பொருளாகவே தோன்றும். அத்தகையோர் உடுத்தும் பட்டு உண்மையில் பெருமை பெறும்.